ஒரு சொல்லாற் பதவியிழந்த பேராசிரியர்

“ஐயா, ஞானஸ்நானம் பெறாத நாமெல்லோரும் நரகத்திலே என்றென்றும் வெந்துகொண்டிருப்போமாமே! இதனைக் கிறிஸ்தவர்கள் உண்மையாகவே நம்புகின்றார்களா?”

வகுப்பிலே மாணவனொருவன் இவ்வாறு வினவியதும் சிரிப்பொலி எழுந்தது. அங்கிருந்த கிறிஸ்தவ மாணவர் இருவரும் தலைகுனிந்தனர். அச்சிரிப்பை நான் விரும்பவில்லை. பிறர் சமயத்தை நகைக்குமுன், அதே வினாவினால் அச்சமயத்தார் எத்துணை கலங்கியுள்ளனர் என்பதை அறிதல் வேண்டுமன்றோ? ஆகவே அன்றைய பாடத்தை நிறுத்தி அவ்வரலாற்றைக் கூறினேன்.

இறுதித் தீர்ப்பிலே தீயோர் நித்திய ஆக்கினையையும் நீதிமான்கள் நித்திய ஜீவனையும் அடைவர் என்கிறது மத்தேயு சுவிசேஷத்தின் 25ஆம் அதிகாரம். ‘நித்திய’ என்று நாம் தமிழிற் படிக்குஞ் சொல், கிரேக்க மூலத்திலே ‘அயோனியோஸ்’ என்பதாகும். தண்டனை நோய்க்கு மருந்து போன்றது; முடிவில் எல்லா உயிர்களும் இறைவனிடம் மீளும் என 3ஆம் நூற்றாண்டிலே ஒரிஜன் என்னும் அறிஞர் நம்பினார். 5ஆம் நூற்றாண்டிலே அகுஸ்தீனார் அதனை மறுத்தார். ஆக்கினைக்கும் ஜீவனுக்கும் ஒரே அடைமொழி வருதலின், ஒன்று முடிவுடையதாயின் மற்றதும் முடிவுடையதாகுமே என்பது அவர் வாதம். மேலைத்தேயத் திருச்சபை அகுஸ்தீனார் வழியே நின்றது.

அச்சொல்லின் பொருளை 19ஆம் நூற்றாண்டிலே மீண்டும் ஆராய்ந்தவர் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் இறையியல் கற்பித்த பேராசிரியர் பிரெடெரிக் டெனிசன் மோறிஸ் ஆவர். நித்தியம் என்பது முடிவின்றி நீளுங் காலமன்று. இறைவனை அறிதலே நித்திய ஜீவன், அவனுடைய அன்பினின்று விலகி நிற்றலே நித்திய மரணம் என்றார் அவர். எல்லோரும் கரையேறுவர் என்று அவர் உறுதி கூறவில்லை. இறைவனது அன்புக்கு எல்லை வகுக்கத் தமக்குத் துணிவில்லை என்றே கூறினார். இக்கருத்து மாணவர் மனத்தைக் குலைக்கும் என அஞ்சிய கல்லூரி ஆட்சிமன்றம் 1853இல் அவரைப் பதவியினின்று நீக்கியது. அவரோ தம் கருத்தை மீட்டுக்கொள்ளவில்லை. அடுத்த ஆண்டிலே தொழிலாளர் கல்லூரியொன்றை நிறுவி அதன் முதல் அதிபரானார். 1866இல் கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக ஏற்றது.

காலமும் மாறியது. தீயோர்க்கும் முடிவில் மன்னிப்புக் கிட்டலாமென நம்புதல் திருச்சபைச் சட்டத்துக்கு முரணன்று என 1864இல் இங்கிலாந்தின் பிரிவுக் கவுன்சில் வேறொரு வழக்கிலே தீர்த்தது. தம் குற்றமின்றிக் கிறிஸ்துவை அறியாதிருந்தும், நேர்மையுள்ளத்தோடு இறைவனைத் தேடி மனச்சாட்சி வழி நடப்போரும் இரட்சிப்படையக்கூடும் என 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்தது. எனினும் முடிவிலா நரகத்தை நம்புவோர் இன்றும் பலர். தீயோர் முற்றாக அழிந்தொழிவர் என்போரும் உளர். வினா இன்னும் தீரவில்லை.

“மோறிசின் இடத்தில் இருந்திருந்தால் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள், ஐயா?” என்று அம்மாணவன் இறுதியிற் கேட்டான். மாதச் சம்பளத்தை நம்பி வாழுங் குடும்பத்தவனாகிய எனக்கு விடை உடனே வரவில்லை. மணி அடித்தது. முன்னர் சிரித்த அவனே, வெளியே செல்லும்போது அக்கிறிஸ்தவ மாணவருள் ஒருவனிடம் மத்தேயு சுவிசேஷத்தை இரவல் கேட்டுக்கொண்டிருந்தான்.