வேப்பமர நிழலில் என்ன பூக்கும்?

எங்கள் திருவொற்றியூரில், வாசலில் வெயில் போதவில்லை என்று வேப்பமரத்தை வெட்டுகிறார்கள். இல்லையென்றால் மண்ணுக்கு சிமெண்ட் பூசிவிடுகிறார்கள். ரோஜாவும் மல்லிகையும் வராதாம். வராதுதான், இரண்டுக்கும் நல்ல வெயில் வேண்டும்.

அரை நிழலுக்கென்றே பூக்கள் உண்டு. சுவரோரம் நந்தியாவட்டை, அதற்கு முன்னால் இட்லிப்பூ, வரிசையின் விளிம்பில் கனகாம்பரம். காலை வெயில் மூன்று நான்கு மணி நேரம் பட்டால் போதும். வெயில் விழும் கேட்டருகே நித்தியகல்யாணி வையுங்கள், உப்புக்காற்றுக்கு அசராது. இலையில் படியும் தூசியை வாரம் ஒருமுறை தண்ணீர் தெளித்துக் கழுவிவிடுங்கள்.

மழைநீர் சேகரிப்பு 2003-லேயே கட்டாயமாகிவிட்டது. மீஞ்சூர் வரை நிலத்தடியில் கடல்நீர் ஏறிவிட்ட பிறகு, மழை இறங்க மிச்சமிருக்கும் இரண்டடி மண்ணையும் மூடுவது நியாயமா? பூ குறைவாகப் பூத்தாலும் மண்ணும் மரமும் இருக்கட்டும் என்பது என் கட்சி. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?