வாசல்படியே போதும்

அலிபிரியிலிருந்து திருமலைக்கு 3,550 படிகள். பெரும்பாலானோர் ஓடுவதில்லை, ‘கோவிந்தா’ சொல்ல மூச்சை மிச்சம் வைத்து ஒரே சீராக ஏறுகிறார்கள். கொழுப்பைக் குறைக்க நினைக்கும் சித்தூர், திருப்பதி வீடுகளுக்கும் அந்தச் சீர்தான் ஏற்றது. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த அளவில் வாசல்படியில் வலக்கால், இடக்கால் என அரை மணி நேரம் ஏறி இறங்கலாம். வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஐந்து நாளில் அது நிறைவேறிவிடும்.

விட்டுவிட்டு வேகமாகச் செய்யும் பயிற்சி நேரத்தை மிச்சப்படுத்துமே என்பார்கள். உண்மைதான். ஆனால் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால் கொழுப்புக் குறைவதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. அப்படியானால், மறுநாளும் செய்ய முடிகிற பயிற்சியைத் தேர்ந்தெடுப்பதே நியாயம். முழங்கால் வலி உள்ளவர்கள் படியை விட்டுவிட்டுக் கூடத்திலேயே நடக்கட்டும். ராத்திரிச் சோற்றையும் ஒரு கரண்டி குறைத்தாக வேண்டும்.