அலைக்கு எல்லை போட்டவர்கள்

மத்திகிரி என்றால் வெளியூர்த் தோழர்கள் சிலருக்குத் தெரியாமலிருக்கலாம். ஓசூருக்கு அடுத்தாற்போல், கும்பெனியார் 1824-ம் வருஷத்தில் பட்டாளத்துக் குதிரைகளுக்காக ஏற்படுத்திய பண்ணை இருக்கிற ஊர் என்றால் தெரிந்துகொள்ளுவார்கள். இப்போது அது கால்நடைப் பண்ணையாக இருக்கிறது. அங்கிருந்து தளிப் பக்கம் போனாலும், பாகலூர்ப் பக்கம் போனாலும், ஜுஜுவாடி தாண்டி அத்திப்பள்ளிப் பக்கம் போனாலும் கொஞ்ச நேரத்தில் கர்நாடக ராஜ்யம் வந்துவிடும். நாம் போகாவிட்டாலும் நம் சட்டைப் பையிலுள்ள செல்போன் போய்விடும். எல்லையோரத்து ஊர்களில் தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறவருக்கு, "கர்நாடகத்துக்கு வந்த தங்களை வரவேற்கிறோம்" என்று செய்தி வந்த காலம் ஒன்று உண்டு. ஆள் அசையவில்லை, திண்ணையும் அசையவில்லை. பக்கத்து ராஜ்யத்து டவரின் சிக்னல் கொஞ்சம் பலமாக அடித்தது, செல்போன் அதைப் பிடித்துக்கொண்டது, நடந்தது அவ்வளவுதான்.

இதைத் தமாஷ் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம், அந்தத் தமாஷுக்குக் காசு வாங்காமல் இருந்திருந்தால். ஆனால் வாங்கினார்கள். எப்படி வாங்கினார்கள் என்பதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்ல விரும்புகிறோம்.

1994, 1995-ம் வருஷங்களில் இந்திய சர்க்கார் செல்போன் நடத்துவதற்குத் தனியாருக்கு லைசென்சு கொடுத்தபோது, தேசத்தைப் பல வட்டாரங்களாகப் பிரித்து, வட்டாரத்துக்கு வட்டாரம் தனி லைசென்சு என்று வைத்தார்கள். இன்றைக்கும் கணக்கில் 22 வட்டாரங்கள் இருக்கின்றன. தமிழ்நாடு ஒரு வட்டாரம். கர்நாடகம் ஒரு வட்டாரம். ஒரு வட்டாரத்தில் வாங்கிய சிம் இன்னொரு வட்டாரத்து டவரைப் பிடித்தால் அதற்கு 'ரோமிங்' என்று பெயர் வைத்து, தனிக்கட்டணம் போட்டார்கள். 2007-ம் வருஷத்து உத்தரவுப்படி, ரோமிங்கில் இருக்கிறவனுக்கு வேறொருவர் போன் செய்தால், அதைக் காதில் வைத்துக் கேட்பதற்கே நிமிஷத்துக்கு 1 ரூபாய் 75 காசு வரை வாங்கலாம். போன் செய்கிறவனும் காசு கொடுக்க வேண்டும், கேட்கிறவனும் கொடுக்க வேண்டும். அதற்கு முந்திய வருஷம், 2006 மார்ச்சு முதல், ஓசூரிலிருந்து டில்லிக்கு நிமிஷத்துக்கு ஒரு ரூபாயில் பேசலாம் என்று அரசாங்கக் கம்பெனியான பி.எஸ்.என்.எல். ஒரு திட்டம் கொண்டுவந்திருந்தது. ஆகவே டில்லிக்காரனோடு பேச ஒரு ரூபாய். அத்திப்பள்ளிச் சந்தையில் நின்றுகொண்டு ஓசூரிலுள்ள பெண்சாதி சொல்லுவதைக் கேட்க ஒன்றே முக்கால் ரூபாய். இதற்குப் பெயர்தான் ஒழுங்கு முறையாம்!

இதைக் கொடுத்தவர்கள் யார் என்று யோசித்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்ளுகிறோம். ஆகாய விமானத்தில் பறக்கிற கனவான்கள் கொடுத்ததைப் பற்றி நமக்குக் கவலையில்லை. அவர்களுக்குக் கம்பெனி கொடுத்திருக்கும். ரோஜாப்பூவையும் குடைமிளகாயையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு பெங்களூர் மார்க்கெட்டுக்கு விடியுமுன் போகிற குடியானவன் கொடுத்தான். சிப்காட்டில் ஷிப்டு வேலை பார்த்துவிட்டு, வாடகை குறைவென்று எல்லைக்கு அந்தப் பக்கம் குடியிருக்கப் போன தொழிலாளி கொடுத்தான். கட்டட வேலைக்குப் பெங்களூர் போய் ஊருக்குத் திரும்புகிற பெண்கள் கொடுத்தார்கள். வீட்டிலிருந்து போன் வந்தால் எடுக்காமல் 'கட்' செய்துவிடுவது, பிறகு எல்லை தாண்டி வந்ததும் கூப்பிடுவது என்று ஒரு தந்திரத்தை அந்த ஜனங்கள் தாங்களாகவே கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். "நம்ம ஊர் எல்லையிலே இருக்குது, என்ன செய்யறது, நம்ம தலையெழுத்து" என்று சொல்லிக்கொண்டதையும் நாம் கேட்டிருக்கிறோம்.

தலையெழுத்தாயிருந்தால் அது மாறியிருக்கக் கூடாதல்லவா? ஆனால் மாறிற்று. 2013 ஜூலை முதல் அமலாகும்படி டிராய் என்கிற ஒழுங்குமுறை ஆணையம் ஒரு உத்தரவு போட்டது, 1.75 என்பது 75 காசாயிற்று. 2015 மே முதல் அமலாகும்படி இன்னொரு உத்தரவு; 75 காசு 45 காசாயிற்று. 2016 செப்டம்பரில் ஜியோ கம்பெனி ரோமிங் கட்டணமே இல்லை என்று சொல்லிக்கொண்டு கடை திறந்தது. உடனே மற்றக் கம்பெனிகளுக்கும் ஞானோதயம் உண்டாகி, 2017 ஏப்ரலில் ஏர்டெல்லும் எடுத்துவிட்டது. இதற்கிடையில் டவர் உயரம் மாறிற்றா? அலையின் வேகம் மாறிற்றா? ஓசூருக்கும் அத்திப்பள்ளிக்கும் நடுவிலுள்ள தூரம் சுருங்கிற்றா? ஒன்றுமில்லை. அதே டவர், அதே அலை, அதே போன். கணக்குப் புத்தகத்தில் ஒரு வரியை அடித்தார்கள், தலையெழுத்து அழிந்துபோய்விட்டது. அந்த வரியை 10 வருஷத்துக்கு முன்னாலேயே அடித்திருக்கலாமே, அடிக்கவிடாமல் தடுத்தது எது என்பதுதான் நமது கேள்வி. தனித்தனி அரசாங்கமும் தனித்தனி பாஷையும் வைத்துக்கொண்டிருக்கிற ஐரோப்பிய யூனியனின் அப்போதைய 28 நாடுகள் கூட, 2017 ஜூன் 15 முதல் தங்களுக்குள் ரோமிங் கட்டணம் கிடையாதென்று சட்டம் செய்துகொண்டன. ஒரே தேசத்துக்குள், அடுத்தடுத்த இரண்டு ஜில்லாக்களுக்கு நடுவில் இருந்த கட்டணத்தை எடுப்பதற்கு நமக்கும் அதே வருஷம்தான் விடிந்தது.

நிற்க. கட்டணம் போய்விட்டது, ஆனால் எல்லையின் தொல்லை முழுதும் போய்விடவில்லை. 108 என்று அழுத்தினால் ஆம்புலன்சு வருகிறது. இது தமிழ்நாட்டிலும் இருக்கிறது, கர்நாடகத்திலும் இருக்கிறது. இம்மாதிரிச் சிறு எண்களைக் கூப்பிட்டால், போன் எந்த ராஜ்யத்து டவரைப் பிடித்திருக்கிறதோ அந்த ராஜ்யத்து நிலையத்துக்கு அழைப்பு போய்விடக்கூடும். பிரசவ வலியெடுத்த பெண்ணுக்காக இந்தப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒருவர் கூப்பிட, எடுக்கிறவர் கன்னடத்தில் "எந்தத் தாலுகா?" என்று கேட்டால், அங்கே போகிற ஐந்து நிமிஷத்துக்கு யார் ஜவாப்தாரி? நமக்குக் கன்னடத்தின்மீது துவேஷமில்லை. ஓசூர்ப் பக்கத்து வீடுகளில் தெலுங்கும் கன்னடமும் தமிழும் ஒரே அடுப்பங்கரையில் பேசப்படுகின்றன. நாம் கேட்பதெல்லாம், இரண்டு ராஜ்யத்து 108 நிலையங்களும் தங்களுக்குள் ஒரு கம்பி போட்டுக்கொண்டு, தவறி வந்த அழைப்பை அந்த நிமிஷமே மாற்றிக் கொடுக்க ஏற்பாடு செய்துகொள்ளக் கூடாதா என்பதுதான். இதற்கு விஞ்ஞானம் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. இரண்டு காரியதரிசிகள் ஒரு மேஜையில் உட்கார்ந்தால் போதும்.

இதுவரை சொன்னது ராஜ்ய எல்லை. தேச எல்லை என்று வரும்போது சங்கதி வேறாகிறது. அதில் நம் தமிழ் மக்களின் உயிரே சம்பந்தப்பட்டிருக்கிறது. இந்திய சர்க்கார் செல்போன் கம்பெனிகளுக்குக் கொடுத்த லைசென்சில் ஒரு நிபந்தனை இருந்தது. டவர்களை தேச எல்லையிலிருந்து கூடியவரை தள்ளி வைக்க வேண்டும். சிக்னலானது எல்லையை நெருங்கும்போதே மங்கி, தாண்டியபின் சீக்கிரத்தில் உபயோகமற்றுப் போக வேண்டும் என்பது அதன் சாரம். வேவு பார்க்கிறவனுக்கும் கடத்தல்காரனுக்கும் நம் சிக்னல் உதவக்கூடாது, பக்கத்து நாட்டு அலையோடு மோதிக் கெடுக்கவும் கூடாது என்பது காரணம். இதில் நியாயமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அலைக்கு லைசென்சு படிக்கத் தெரியாது. தனுஷ்கோடியில், 1964 டிசம்பர்ப் புயல் அடித்துப்போட்ட ஊருக்கு அப்பால், அரிச்சல்முனையில் போய் நிற்கிறவர்களின் செல்போனில் இலங்கைக் கம்பெனியின் பெயர் வருவது பலரும் அறிந்ததே. தலைமன்னாருக்கும் அதற்கும் நடுவில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் கடல்தான்; மலையும் மரமும் கட்டடமும் இல்லாத தண்ணீரில் அலை தடையில்லாமல் வருகிறது.

அப்படியானால் நடுக்கடலிலும் சிக்னல் இருக்குமே என்று சிலர் நினைக்கலாம். இருக்காது. பூமி உருண்டையாயிருப்பதுதான் காரணம். கரையிலுள்ள 40 மீட்டர் டவரின் அலை சுமார் 25 கிலோமீட்டர் போவதற்குள் கடலின் வளைவு அதை மறைக்க ஆரம்பித்துவிடுகிறது. படகு கொஞ்சம் உயரமாயிருந்தால் இன்னும் சில கிலோமீட்டர் கிடைக்கும். கன்னியாகுமரி ஜில்லாவில் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைப் பக்கத்து மீனவர்கள் சுறாவும் சூரையும் பிடிக்கப் போகிற இடமோ கரையிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தபோது அவர்களில் பலர் கடலுக்குப் போய்ப் பல நாட்களாகியிருந்தன. கரையில் வானொலியும் டெலிவிஷனும் எச்சரித்தன. எச்சரிக்கை யாருக்கு வேண்டுமோ அவர் காதில் மட்டும் விழவில்லை. தமிழ்நாட்டிலும் கேரளத்திலுமாக நூற்றுக்கணக்கான பேர் செத்தும் காணாமலும் போனார்கள். கடல் மாதாவின் கோபம் என்று சொன்னவர்களும் உண்டு. மாதாவுக்கு அங்கே என்ன வேலை? செய்தி போகவில்லை. செய்தி போகிற கருவி அவர்கள் படகில் இல்லை.

கருவி உலகத்தில் இல்லாமலா போயிற்று? ஆகாயத்திலுள்ள செயற்கைக்கோளோடு நேராகப் பேசுகிற சாட்டிலைட் போன் அப்போதே உலகமெங்கும் விற்பனையிலிருந்தது. ஆனால் இந்தியாவில் சாதாரண மனிதன் அதை அனுமதியின்றி வைத்திருந்தால் குற்றம். 2008 பம்பாய்த் தாக்குதலில் பயங்கரவாதிகள் அப்படிப்பட்ட போனை உபயோகித்த பிறகு கெடுபிடி இன்னும் அதிகமாயிற்று. பயங்கரவாதி லைசென்சு கேட்டுக்கொண்டா வந்தான்? தடை யாரைத் தடுத்ததென்றால், அரசாங்கத்தை மதித்து நடந்த மீனவனைத் தடுத்தது. பாதுகாப்பு என்பது தேசம் முழுவதுக்கும் லாபம். அதன் செலவை மட்டும் தூத்தூர்க்காரன் தன் உயிரால் கட்ட வேண்டும் என்பது எந்தச் சாஸ்திரம் என்று கேட்கின்றோம்.

ஒக்கிக்குப் பிறகு சர்க்கார் சும்மா இருந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2019 அக்டோபரில் 'ஜெமினி' என்று ஒரு கருவி வந்தது. செயற்கைக்கோள் வழியாகப் புயல் எச்சரிக்கையும், மீன் கிடைக்கிற இடமும் படகிலுள்ள செல்போனுக்கு வரும். நல்ல காரியந்தான், ஆனால் ஒருவழிப் பாதை. கரை சொல்வதை மீனவன் கேட்கலாம், "படகு உடைந்துவிட்டது, வாருங்கள்" என்று அவன் சொல்ல முடியாது. பிறகு இருபக்கமும் செய்தி போகிற டிரான்ஸ்பாண்டரை, இயந்திரப் படகுகள் ஒரு லட்சத்துக்கு 364 கோடி ரூபாயில் இலவசமாகப் பொருத்துவது என்று 2024 ஆகஸ்டு 30-ந் தேதி பிரதம மந்திரி ஆரம்பித்து வைத்தார். இதைத்தான் முதலிலேயே செய்திருக்க வேண்டும். கடலுக்குப் போகிற எந்தப் படகிலாவது அது இல்லாமலிருந்தால் ஏன் இல்லையென்று மீன்துறை அதிகாரியைக் கேட்க மீனவருக்குப் பாத்தியதை உண்டு, அது பிச்சையல்ல. பாக் ஜலசந்தியிலோ அதற்கு இன்னொரு பிரயோஜனமும் இருக்கிறது. 1974, 1976 ஒப்பந்தங்களின்படி கடலில் போட்ட கோடு கண்ணுக்குத் தெரிகிற கோடல்ல. வலை போகிற பக்கம் படகு போகும். கோடு தாண்டினால் சிறை, படகு பறிமுதல். செல்போனிலுள்ள ஜி.பி.எஸ். வேலை செய்ய டவர் சிக்னல் தேவையில்லை, அது நேராகச் செயற்கைக்கோளைக் கேட்டே இடம் சொல்லும் என்பது கூட இன்னும் பலருக்குத் தெரியவில்லை. சிக்னல் போனால் எல்லாமே போயிற்று என்று போனை அணைத்துப் பெட்டியில் வைத்துவிடுகிறார்கள். கோட்டை நெருங்கும்போது எச்சரிக்கிற கருவியும் படிப்பும் இருந்தால் பிடிபடுகிறவர் எண்ணிக்கை குறையும். அந்தக் கோடு நியாயமா என்பது வேறு விவகாரம். அதைத் தனியே எழுதவேண்டும்.

எல்லாம் சரி, பணத்துக்கு எங்கே போவது என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லுகிறோம். பணம் உங்களுடையது. செல்போன் கம்பெனிகளின் வருமானத்தில் நூற்றுக்கு 5 வீதம், சிக்னல் இல்லாத ஊர்களுக்குச் சிக்னல் கொடுப்பதற்கென்றே 2002 முதல் ஒரு நிதிக்கு ஒதுக்கப்பட்டு வருகிறது. இப்போது அதற்கு டிஜிட்டல் பாரத் நிதி என்று பெயர். நீங்கள் செய்கிற ஒவ்வொரு ரீசார்ஜிலும் அதன் துளி இருக்கிறது. 4ஜி எட்டாத 24,680 கிராமங்களுக்கு அதைக் கொண்டுபோக 26,316 கோடி ரூபாய் என்று 2022 ஜூலையில் மத்திய மந்திரிசபை தீர்மானித்தது. 2020-ம் வருஷம் கொரோனாவில் பள்ளிக்கூடங்களை மூடி, செல்போனில் பாடம் என்றபோது, மலை ஊர்ப் பிள்ளைகள் பாறையிலும் மரத்திலும் ஏறி நின்று சிக்னல் தேடினதை எல்லோரும் பார்த்தோம். ஓசூரை அடுத்துத் தேன்கனிக்கோட்டை வட்டாரத்தில் ஐபோனுக்குப் பாகம் செய்கிற டாட்டா தொழிற்சாலை நடக்கிறது. ஆயிரக்கணக்கான பெண்கள் அதில் வேலை செய்கிறார்கள். உலகத்துக்குப் போன் செய்து கொடுக்கிற கை, தன் சொந்த மலையூருக்குப் போனால் அங்கே போன் எடுக்குமா என்று அந்தப் பெண்களையே கேட்டுப் பாருங்கள்.

ஆகவே தளி, அஞ்செட்டிப் பக்கத்துத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கிராம சபை கூடும்போது, நம் ஊராட்சியில் எந்தெந்தக் குக்கிராமம் 4ஜி எட்டாத பட்டியலில் இருக்கிறது, எது விடப்பட்டது, டவர் எந்த மாதம் வரும் என்று கேளுங்கள். 108 சங்கதியையும் சேர்த்துக் கேளுங்கள். வாயால் பதில் சொன்னால் போதாது. தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். எழுதியதை வாசிக்கத் தெரிந்த ஒருவர் சத்தமாகப் படித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள், முன்னால் போட வேண்டாம்.