சாவியோடு இதையும் கொடுங்கள்!

மகனுக்கு 18 வயது முடிந்து லைசென்ஸ் கைக்கு வந்ததுமே, அவன் அப்பாவின் பழைய ஸ்கூட்டர் அவனுடையதாகிவிட்டது. தினமும் துடைப்பான், ஸ்டிக்கர் ஒட்டுவான். 'டயர்ல காத்து பாத்தியாடா?' என்றால், 'அதெல்லாம் இருக்கும்மா!'

போன மழையில் தெருமுனையில் பிரேக் பிடித்தவன் வழுக்கி விழுந்தான். நல்லவேளை, முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. பின்னால் பஸ் வந்திருந்தால்? இன்றைக்கும் நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

மெக்கானிக் அண்ணன் பின்சக்கரத்தைச் சுற்றிக் காட்டினார். மொட்டை டயர்! 'பள்ளத்துக்குள்ள சின்னச் சின்ன மேடு இருக்கும் தம்பி. ரப்பர் தேஞ்சு அதுக்குச் சமமா வந்துட்டா, டயரை மாத்திடணும்' என்றார். ஓட்டக் கற்றுக்கொடுத்த நாங்கள், இதைச் சொல்லியே கொடுக்கவில்லையே! உண்மையில், எனக்கே அன்றுதான் தெரியும்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் அவனுக்கு இதுதான் வேலை. வண்டி சூடாவதற்கு முன்பே பங்க் போய்க் காற்றின் அளவு பார்க்கிறான். சமதரையில் மெயின் ஸ்டாண்டு போட்டு ஆயில் குச்சியை எடுத்துப் பார்க்கிறான். பிரேக்கைப் பிடித்துப் பார்த்து, லைட், இண்டிகேட்டர், ஹாரன் எல்லாம் வேலை செய்கிறதா என்று சோதிக்கிறான். மொத்தமே கால் மணி நேரம்தான். முதல் இரண்டு வாரம் முணுமுணுப்பு இருந்தது. அதைக் காதில் வாங்காதீர்கள்.

போன வாரம் என் வண்டியையும் எடுத்துப் பார்த்தான். 'என்னம்மா, பின் பிரேக் இவ்ளோ லூஸா இருக்கு! எத்தனை நாளா இப்படியே ஓட்டுற?'

இரண்டு மாதமாக என்று நான் சொல்லவில்லை.