கல் எரியாது என்று யார் சொன்னது?

பகலெல்லாம் தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டையிலே இரும்போடு மல்லாடிவிட்டு, மாலையிலே சற்றுக் காற்று வாங்கக் கடற்கரைக்கு வருகிறோம். காந்தி சிலை அருகே அமருகிறோம். சுண்டல் வாங்கிக் கொறிக்கிறோம். சிலையைச் சுற்றிலும் உயர்ந்து நிற்கின்றனவே கல்தூண்கள், அவை எந்த ஊர்த் தூண்கள் என்று என்றேனும் கேட்டதுண்டா?

செஞ்சித் தூண்கள், தோழர்களே, செஞ்சித் தூண்கள்! 1750 இல் புஸ்ஸி என்னும் பிரெஞ்சுத் தளபதி செஞ்சிக் கோட்டையைப் பிடித்தான். 1761 வரையில் அங்கே பிரெஞ்சுக் கொடி பறந்தது. அந்த ஆதிக்கத்தின் அடையாளமாக, செஞ்சி வேங்கடரமணர் கோயிலின் தூண்கள் பெயர்க்கப்பட்டு நம் கடற்கரைக்கு வந்தன. வெள்ளையனுக்கு அவை வெற்றிச் சின்னம். நமக்கு? தமிழ்த் தச்சனின் உளி பட்ட கல். எல்லைக்கோடு ஒன்று போட்டு இது புதுவை, அது தமிழ்நாடு என்று பிரித்தாலும், உறவைச் சொல்லிக்கொண்டு நிற்கும் கல்.

அந்தச் செஞ்சியைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். கோட்டை கட்டிய மன்னர்களைப் பற்றி அல்ல. தேசிங்கு ராஜனின் குதிரையைப் பற்றியும் அல்ல. அந்த மலையடியிலே காய்ந்து கிடக்கும் முள்ளைப் பற்றி, சுள்ளியைப் பற்றி, தீக்குச்சியைப் பற்றி!

“இதென்ன ஐயா, முள்ளும் சுள்ளியும் ஒரு பொருளா பேசுவதற்கு?” என்று கேட்கும் நண்பர் சற்றே பொறுக்க.

2025 ஜூலைத் திங்களில் பாரிஸ் நகரிலே கூடிய யுனெஸ்கோ குழு, மராட்டியப் படைத்துறைக் கோட்டைகள் பன்னிரண்டை உலக மரபுச் சின்னங்கள் என்று அறிவித்தது. பதினொன்று மராட்டிய மாநிலத்தில். ஒன்றே ஒன்று தமிழகத்தில்: நம் செஞ்சி. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளை வளைத்து நிற்கும் மதில். 1677 இல் சிவாஜி கைப்பற்றியது. மொகலாயப் படை ஆண்டுக்கணக்கில் முற்றுகையிட்டு 1698 இல் வென்றது. உலகம் ஒப்புக்கொண்டது என்று மகிழ்ந்தோம், மகிழ வேண்டியதுதான்.

ஆனால் பட்டயம் வந்த பிறகும் பங்குனி வருகிறது. சித்திரை வருகிறது. பாறைக்கும் பாறைக்கும் இடையே முளைத்த புல் பொன்னிறமாகக் காய்கிறது. உதிர்ந்த சருகு முழங்கால் அளவு குவிகிறது. சுற்றுலா வந்தவன் வீசிய பீடித்துண்டு ஒன்று போதும். காற்று மற்றதைப் பார்த்துக்கொள்ளும். திருவண்ணாமலைக் குன்றிலே கோடையில் தீ படர்வதை அந்தப் பக்கத்து மக்கள் எத்தனை முறை கண்டிருக்கிறார்கள்! அதே வெயில், அதே பாறை, அதே புதர்தானே செஞ்சியிலும்?

“பற்றினால் என்ன? எரிவது புல். கோட்டையோ கல். கல் எரியுமா?” என்கிறார் மெத்தப் படித்த ஒருவர்.

கல் எரியுமா எரியாதா என்பதை நாற்காலியில் இருப்பவரைக் கேட்பதைவிட, கல்லோடு வாழ்ந்தவனைக் கேட்பது நல்லது என்று எண்ணினேன். விழுப்புரம் பக்கத்துக் கல்குவாரியிலே தலைநரைத்த தோழர் ஒருவரைக் கேட்டேன்.

“ஏன் அண்ணே, நெருப்பு பட்டால் கல்லுக்கு ஒன்றும் ஆகாதாமே?”

அவர் சிரித்தார். “யார் தம்பி சொன்னது? வெடிமருந்து இல்லாத காலத்துல எங்க தாத்தன் எப்படிக் கல் எடுத்தான்? பாறை மேல விறகை அடுக்கிக் கொளுத்துவான். சூடு ஏறினா பாறை பலகை பலகையா எழும்பும். சுடச்சுட இருக்கறப்ப தண்ணி ஊத்தினா படார்னு விரியும். கல்லுக்கு நெருப்பு எமன் தம்பி!”

இதைத்தான் அறிவியலும் சொல்கிறது. கருங்கல்லுக்குள்ளே குவார்ட்ஸ் என்னும் மணி கலந்திருக்கிறது. சூடேறும்போது அது பக்கத்து மணிகளைவிட அதிகமாக விரிகிறது. 573 டிகிரி வெப்பத்தில் அதன் அமைப்பே மாறி, திடீரென்று பருக்கிறது. மேல்தோல் ஒரு பக்கம் இழுக்க, குளிர்ந்த உட்பாறை மறுபக்கம் இழுக்க, கல்லின் மேற்புறம் செதில் செதிலாக உரிந்து விழுகிறது. விரைந்து ஓடும் புல்தீ அவ்வளவு கெடுதி செய்வதில்லை. பாறையின் காலடியில் பட்டுப்போன மரமும் குவிந்த சருகும் கிடந்து, நின்று நிதானமாக எரிகிறதே, அந்தத் தீதான் கொல்லும் தீ.

உரிந்தால் உரியட்டும், மலையிலே கல்லுக்கா பஞ்சம் என்பீரோ? கல்லுக்குப் பஞ்சமில்லை. எழுத்துக்குப் பஞ்சம்!

செஞ்சிக்குப் பக்கத்திலே திருநாதர் குன்று. பெரும்பாறை ஒன்றில் இருபத்து நான்கு தீர்த்தங்கரர் உருவங்கள். அங்கேதான் ஐம்பத்தேழு நாள் உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்த சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியரின் நினைவுக் கல்வெட்டு இருக்கிறது. ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுக்கு முன்பு, தமிழ் எழுத்து வட்டெழுத்தாக உருமாறி வந்த காலத்துச் சான்று அது. அந்த எழுத்தின் ஆழம் எவ்வளவு? விரல் நகத்தின் கனம்! பாறை ஒரு செதில் உதிர்ந்தால் போதும், சந்திரநந்தி இரண்டாம் முறை சாவார்.

விழுப்புரம் மாவட்டத்துக் கீழ்வாலைக்குப் போனால், எழுத்தறியாக் காலத்து மனிதன் செங்காவி கொண்டு பாறையிலே தீட்டிய ஓவியங்கள். அவற்றுக்கு ஆழமே கிடையாது, வெறும் பூச்சு. தழல் தொட வேண்டியதில்லை. புகை படிந்தாலே போதும், படம் கறுத்துவிடும்.

வெறும் அச்சம் என்று தள்ளிவிடாதீர்கள். அமெரிக்காவிலே மேசா வெர்டே என்றொரு பூங்கா. செவ்விந்தியரின் முன்னோர் குகைகளில் வீடு கட்டி வாழ்ந்த இடம். 1996 இல் அங்கே மூண்ட காட்டுத்தீயில், அவர்கள் பாறையில் செதுக்கிய உருவங்கள் பாறைத்தோலோடு உரிந்து விழுந்தன. தென்கொரியாவிலே 2005 ஏப்ரலில் மலைத்தீ நக்சான்சா என்னும் புத்த மடத்துக்குள் புகுந்தது. 1469 இல் வார்த்த வெண்கல மணி அங்கே இருந்தது. ஐந்நூறு ஆண்டுக்கு மேல் ஒலித்த மணி, ஒரே நாளில் உருகி உருக்குலைந்து போயிற்று.

இது தீ செய்யும் கேடு. இன்னொரு கேடும் உண்டு: தீயை அணைக்க வருகிறவர் அறியாமல் செய்யும் கேடு!

காட்டுத்தீ வந்தால் என்ன செய்கிறார்கள்? தீ தாண்டாதபடி மண்ணைச் சுரண்டித் தீத்தடுப்புக் கோடு போடுகிறார்கள். சரியான வழிதான். ஆனால் அவசரத்திலே ஜே.சி.பி.யை ஏற்றினால்? மலைச்சரிவில் வட்டமாகக் கிடக்கும் கற்கள் மூவாயிரம் ஆண்டு ஈமக்காடா, வெறும் கல்குவியலா என்று ஓட்டுநருக்கு யார் சொன்னது? நடுகல்லின் மேல் சக்கரம் ஏறினால் அது அவன் குற்றமா? சுட்டுக் கிடக்கும் சிற்பப் பாறையிலே குழாய்த் தண்ணீரைப் பாய்ச்சினால், குவாரித் தோழர் சொன்ன அந்தப் ‘படார்’ அங்கே கேட்காதா? சொல்லிக்கொடுக்காத பாடத்துக்குத் தொழிலாளியைத் தண்டிக்க முடியாது. சொல்லிக்கொடுக்காதவரைத்தான் கேட்க வேண்டும்.

வழி இல்லாமல் இல்லை. அதே அமெரிக்காவில் பாண்டெலியர் என்ற இடத்தில் 1977 இல் தீ பரவியபோது, தொல்லியலார் தீயணைப்போரோடு கூடவே போனார்கள். புல்டோசருக்கு முன்னால் நடந்தார்கள். “இங்கே பழங்காலச் சுவர், சற்றே ஒதுக்கி வெட்டு” என்று வழிகாட்டினார்கள். 2025 மார்ச்சில் கொரியாவில் மீண்டும் பெருந்தீ. கோவுன்சா என்னும் பழைய மடத்தின் கட்டடங்கள் பல எரிந்து போயின. ஆனால் தூக்கக்கூடிய செல்வங்களை முன்கூட்டியே அப்புறப்படுத்தியிருந்தார்கள். தூக்க முடியாதவற்றைத் தீத்தாங்கும் துணியால் போர்த்தினார்கள். எல்லாம் பிழைக்கவில்லை, ஆனால் எல்லாம் போய்விடவும் இல்லை. ஏன்? எது எங்கே இருக்கிறது, எதை முதலில் காப்பது என்பது அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது.

இங்கே ஒன்றை அழுத்தந்திருத்தமாகச் சொல்லிவிட வேண்டும். கல்லுக்காக மனிதன் சாகக்கூடாது! 2018 மார்ச் 11 இல் தேனி மாவட்டம் குரங்கணி மலையிலே தீ சூழ்ந்து இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயினவே, நெஞ்சம் மறக்குமா? தீக்கு நடுவே ஒரு வனக்காவலரை நிறுத்தி, “கல்வெட்டைக் காப்பாற்று” என்று கட்டளையிட எவருக்கும் உரிமை கிடையாது. உயிர்தான் முதல். அதனால்தான் சொல்கிறேன்: தீ வந்தபின் கோட்டையைக் காப்பது என்பது வீண்பேச்சு. காப்பதெல்லாம் தீ வருமுன்தான்!

வருமுன் காப்பது யார்? இங்கேதான் வேடிக்கை தொடங்குகிறது. கோட்டை, தில்லியின் தொல்லியல் துறைக்கு. சுற்றியுள்ள காடு, சென்னையின் வனத்துறைக்கு. குழாயும் வண்டியும் தீயணைப்புத் துறைக்கு. புறம்போக்கு, வருவாய்த் துறைக்கு. நான்கு துறைக்கும் நான்கு எல்லை உண்டு. தீக்கு எந்த எல்லையும் தெரியாது. 1958 ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. 2010 இல் அதைத் திருத்தி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி நூறு மீட்டருக்குள் கட்டடம் எழுப்பத் தடை விதித்தார்கள். நல்லது. ஏழை தன் வீட்டுச் சுவரை உயர்த்தத் தடை உண்டு. மதிலடியில் முள் வளர்ந்து காய்வதை யார் தடுப்பது?

டேராடூனில் இருக்கும் இந்திய வன ஆய்வு நிறுவனம், செயற்கைக்கோள் வழியே காட்டுத்தீயைக் கண்டு செய்தி அனுப்புகிறது. அருமையான ஏற்பாடு. ஆனால் வானத்துக் கண்ணுக்குத் தீ தெரியும். பாறையில் இருக்கும் எழுத்து தெரியுமா? அதை அறிந்தவன் மலையடியில் இருக்கிறான். ஆடு மேய்ப்பவன் அவன். சுள்ளி பொறுக்கும் தாய் அவள். கோடைக்கு மட்டும் வேலைக்கு எடுத்து, மழை விழுந்ததும் வீட்டுக்கு அனுப்பப்படும் தினக்கூலித் தீக்காவலர் அவர். தீப்பற்றியதும் “ஆட்டுக்காரன் வேலைதான்” என்று அவன்மேல் பழி போடுவது எளிது. புதுப்புல் தழைக்கட்டும் என்று நெருப்பு வைப்பவர் ஒருசிலர் இருக்கக்கூடும்; அவர்களுக்குத் தவறை எடுத்துச் சொல்வோம். ஆனால் ஆடு தின்றுவிட்ட இடத்திலே தீக்குத் தீனி ஏது? பகைவன் என்று விரட்டுகிறீர்களே, அவன்தான் ஐயா உங்கள் முதல் காவலன்!

ஆகவே கேட்கிறோம். கோட்டை, குகை, கல்வெட்டு, ஓவியப் பாறை, நடுகல், கல்வட்டம் அத்தனையும் குறித்த வரைபடம் ஒன்று, ஒவ்வொரு வனச்சரக அலுவலகத்திலும் தீயணைப்பு நிலையத்திலும் தொங்க வேண்டும். தை முடிவதற்குள், சின்னங்களின் காலடியில் கிடக்கும் சருகும் பட்ட மரமும் அகற்றப்பட வேண்டும். அதுவும் கையாலே, அரிவாளாலே. மண்ணைக் கிளறும் இயந்திரத்தால் அல்ல. வெட்டியதை அங்கேயே குவித்துக் கொளுத்தாமல் தொலைவுக்குக் கொண்டுபோக வேண்டும். காட்டையே மொட்டையடிக்கச் சொல்லவில்லை. பாறையைச் சுற்றி ஒரு பட்டை இடம், அவ்வளவே. அந்த வேலையை அந்த ஊர்க்காரர்களுக்கே தர வேண்டும். கூலி காலத்தில் வர வேண்டும். தீக்காவலருக்குக் காலணியும் காப்பீடும் பயிற்சியும் வேண்டும். ‘சுட்ட கல்லில் தண்ணீர் விடாதே’ என்ற பாடம் அந்தப் பயிற்சியில் முதல் பாடமாக இருக்கட்டும்.

புதுவைத் தோழர்களே, நமக்கும் இதில் வேலை இருக்கிறது. நமக்கு மலை இல்லை; அரிக்கமேடு இருக்கிறது. 1945 இல் வீலர் அகழ்ந்து, தமிழனுக்கும் உரோமாபுரிக்கும் இருந்த வாணிபத்தை உலகறியச் செய்த மேடு. அங்கேயும் பழைய செங்கற் சுவர்களை மரமும் புதரும் சூழ்ந்து நிற்கின்றன. அங்கே குப்பை கொளுத்தாமல் இருப்பதற்கும், காய்ந்த புதரைக் கையால் அகற்றுவதற்கும் தில்லியின் ஆணை வேண்டியதில்லை. நாலு தோழர்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை, உரிய அலுவலரிடம் ஒரு சொல் கேட்டு இசைவு, அது போதும். செஞ்சிக்குச் சுற்றுலா போகும் தோழன் பீடியை அணைத்து மிதித்துவிட்டு மலையேறட்டும். அதுவும் தொண்டுதான்!

1981 இல் யாழ்ப்பாணத்து நூலகம் எரிந்தது. தொண்ணூறாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்கள் சாம்பலாயின. அது வஞ்சகர் வைத்த தீ. நாம் கதறினோம், கண்டித்தோம். கட்டடத்தை மீண்டும் கட்டினார்கள். எரிந்த ஏடு மீண்டு வந்ததா? செஞ்சி மலையில் தீ மூண்டால், அங்கே சுட்டிக்காட்ட ஒரு வஞ்சகன்கூட இருக்கமாட்டான். நம்முடைய சோம்பல்தான் குற்றவாளிக் கூண்டிலே நிற்கும்.

அடுத்த முறை கடற்கரைக்குப் போகும்போது அந்தத் தூணைக் கையால் தொட்டுப் பாருங்கள். அதன் உடன்பிறந்த கற்கள் எழுபது கிலோமீட்டருக்கு அப்பால் வெயிலில் நிற்கின்றன. தைத் திங்களில் சுள்ளி பொறுக்காதவன் சித்திரையில் சாம்பல் பொறுக்குவான். எதைப் பொறுக்கப் போகிறோம், தோழர்களே?