கொடுத்துட்டுச் சோதிங்க!



திங்கட்கிழமை பிரேயர் முடிஞ்சதும் என்ன நடக்கும்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். நகம், ரிப்பன், சீருடை, செருப்பு என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே வருவார்கள். "இது என்ன மிலிட்டரியா?" என்று பின்வரிசையில் முணுமுணுப்போம். நானும் முணுமுணுத்தவள்தான். ஆனால் உண்மையான மிலிட்டரியில் எப்படிச் சோதிக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு எனக்கு வேறு ஒரு கருத்து வந்தது.

எங்க பெரியம்மா மகன் நம்ம ஊர் குகைக்கோயில் பக்கம் தினமும் விடியற்காலையில் ஓடிப் பழகி ராணுவத்தில் சேர்ந்தவர். பயிற்சி எடுத்தது நீலகிரியில், குன்னூர் பக்கத்து வெலிங்டனில் இருக்கும் மதராஸ் ரெஜிமெண்ட் மையத்தில். 1758-ல் தொடங்கிய பழமையான படை அது. பொங்கல் லீவில் வந்த அண்ணனைச் சுற்றி உட்கார்ந்து கதை கேட்டோம்.

முதல் சோதனை சேரும்போதே. 1.6 கிலோமீட்டர் ஓட்டம், 9 அடிப் பள்ளம் தாண்டுதல். அப்புறம் டாக்டர் கண், காது, பல், முட்டி, பாதம் எல்லாம் பார்ப்பார். சேர்ந்த பிறகு 'கிட்' சோதனை. கட்டில் மேல் சட்டை, சாக்ஸ், தட்டு, மக் எல்லாம் இன்னது இன்ன இடத்தில் என்று பரப்பி வைக்கணும். எல்லார் கட்டிலிலும் ஒரே மாதிரி இருக்கும். ஒண்ணு குறைஞ்சாலும் உஸ்தாத் கண்ணில் உடனே பட்டுவிடும். (பயிற்சி கொடுப்பவரை அங்கே உஸ்தாத் என்றுதான் சொல்வார்களாம்.)

"இவ்வளவு கெடுபிடி எதுக்குண்ணா?" என்று கேட்டேன். "ராத்திரி விளக்கு இல்லாம கிளம்பணும்னா கை தானா போய் எடுக்கணும்மா" என்றார்.

துப்பாக்கிச் சோதனையும் அப்படித்தான். கயிற்றில் துணித்துண்டு கோத்துக் குழலுக்குள் இழுத்துச் சுத்தம் செய்யணும். அடியில் கட்டைவிரல் நகத்தை வைத்தால் வெளிச்சம் பட்டுத் திரும்பும். அந்த வெளிச்சத்தில் குழலுக்குள் அழுக்கு இருக்கா என்று பார்ப்பார்கள். அதைவிட முக்கியம், உள்ளே தோட்டா தங்கியிருக்கா என்று பார்ப்பது. ஒருத்தர் அசட்டையாக இருந்தால் பக்கத்தில் நிற்பவர் உயிர் போய்விடும்.

நான் படித்த இன்னொரு விஷயமும் சொல்றேன். முதல் உலகப் போரில், 1914 குளிர்காலத்தில், தண்ணீர் தேங்கிய பதுங்கு குழிகளில் நின்ற வீரர்களுக்கு ஈரச் சாக்ஸால் பாதம் அழுகிப் போனது. ஆயிரக்கணக்கான பேர் நடக்க முடியாமல் போனார்கள். பிரிட்டிஷ் ராணுவம் என்ன செய்தது தெரியுமா? காய்ந்த சாக்ஸும் தேய்க்கத் திமிங்கல எண்ணெயும் கொடுத்தது. வீரர்கள் ரெண்டு ரெண்டு பேராகச் சேர்ந்து ஒருத்தர் காலை ஒருத்தர் கவனிக்கணும். அதிகாரியே பாதங்களைச் சோதிக்கணும், நோய் வந்தால் அந்த அதிகாரியும் பதில் சொல்லணும். அப்புறம்தான் அந்த நோய் குறைந்தது.

இங்கேதான் என் கருத்து வருகிறது. ராணுவத்தில் முதலில் கொடுக்கிறார்கள், அப்புறம்தான் சோதிக்கிறார்கள். பூட்ஸ் கொடுக்காமல் "பூட்ஸ் எங்கே?" என்று யாரும் கேட்பதில்லை.

நமக்கு எப்படி? சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்பு வரை அரசு நாலு செட் சீருடை தருகிறது. ஒன்பதாம் வகுப்புக்கு வந்தால் அது கிடையாது. ஆனால் சோதனை மட்டும் அப்படியே இருக்கு. என் தோழி ஒருத்தியிடம் இருப்பது ஒரே செட். பெயர் எழுதமாட்டேன். ஞாயிறு துவைத்தாள், ராத்திரி மழை, காயவில்லை. திங்கள் கலர் டிரஸ்ஸில் வந்தாள். வரிசையை விட்டு வெளியே நிற்கச் சொன்னார்கள். நாங்கள் சிலர் சிரித்தோம். நானும் சிரித்தேன். அவள் மறுநாள் பள்ளிக்கே வரவில்லை. அன்று முதல் எனக்கு மனசு உறுத்துகிறது.

சோதனையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நகத்தில் அழுக்கு இருந்தால் சத்துணவோடு வயிற்றுக்குள்தான் போகும். ஆனால் "ஏன் இல்லை?" என்று கேட்பதற்கு முன்னால் "இருக்கா?" என்று கேளுங்கள். அதுவும் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

என் யோசனைகள் மூன்று.

1. பத்தாம் வகுப்பு முடித்துப் போகும் அக்கா, அண்ணன்மார் சீருடையைத் துவைத்துக் கொடுத்துவிட்டுப் போகட்டும். ஒரு டிரங்குப் பெட்டியில் வைப்போம். கூடவே ஊசி, நூல், பட்டன், நகவெட்டி.

2. பிரேயருக்கு முன்னால் ரெண்டு ரெண்டு பேராக ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சரி செய்வோம். யாரும் சிரிக்கக் கூடாது.

3. நம்மைச் சோதிப்பது போலவே தண்ணீர்க் குழாயையும் கழிப்பறைத் தாழ்ப்பாளையும் வாரம் ஒரு முறை சோதிக்கணும்.

2021 மே மாதம் பெங்களூரில் பயிற்சி முடித்து ராணுவப் போலீசில் 83 பெண்கள் முதல் அணியாகச் சேர்ந்தார்கள். எனக்கும் அந்த ஆசை உண்டு. அங்கே என் கட்டிலைச் சோதிக்க வருகிற அன்றைக்குப் பயப்படமாட்டேன். அதற்கு முன்னால் பெட்டிக்கு முதல் சீருடையாக என்னுடைய பழைய செட்டைக் கொண்டுவருகிறேன். அது என் தோழிக்குச் சரியாக இருக்கும்.

தவறாக எழுதியிருந்தால் ஆசிரியர்கள் மன்னிக்கவும்.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி