வாசனைக்கு என்ன விலை?

மலிவு விலை வாசனைத் திரவியம் வாங்கலாமா என்று கேட்டால் நம்மில் பலர் முகம் சுளிப்பார்கள். "போலி வேண்டாம்" என்பார்கள். நான் வாங்குவேன்.

தமிழ்ப்பள்ளியில் இருந்தவரை என்மீது என்ன வாடை என்று எனக்குத் தெரியாது. அங்கே எல்லார் வீட்டு வாசலிலும் ஒட்டுப்பால் மூட்டைதான். தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போன முதல் வாரம், பக்கத்து மாணவன் தன் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டான். எதுவும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு வாசனை எனக்கு ஆடம்பரமாகத் தெரியவில்லை.

ஆனால் 'போலி' என்ற ஒரே சொல்லில் இரண்டு பொருள்களை அடைத்துவிடுகிறோம். கிரீட் நிறுவனத்தின் அவெந்தஸ் 2010இல் வந்தது. 100 மில்லிலிட்டர் ஆயிரம் வெள்ளியைத் தாண்டும். அதன் மணத்தை ஒட்டித் துபாயின் அர்மாஃப் 2015இல் 'கிளப் டி நுயி இன்டென்ஸ் மேன்' என்ற ஒன்றை வெளியிட்டது. 200 வெள்ளிக்குள் கிடைக்கும். புட்டியில் அர்மாஃப் என்றுதான் இருக்கும். இதில் ஏமாற்று என்ன? இன்னொரு வகை, அசலின் பெயரையும் பெட்டியையும் திருடிக்கொண்டு வருவது. 2009இல் ஐரோப்பிய நீதிமன்றம் லோரியால் வழக்கில் தவறென்றது, எது எதன் நகல் என்று காட்டும் பெயர்ப்பட்டியலையும் அசலைப் போன்ற பெட்டி ஒப்பனையையும்தான். மணம் ஒத்திருந்தது அங்கே குற்றமாகவில்லை.

திருட்டுப் பெட்டியை நானும் வாங்கியிருக்கிறேன். தொழிற்பயிற்சி நேர்காணலுக்காக, ஜித்ரா இரவுச் சந்தையில், 60 வெள்ளிக்கு. அம்மா இரண்டு நாள் பால் வெட்டிய காசு. பேருந்தை விட்டு இறங்குவதற்குள் மணம் போயிற்று. மணிக்கட்டில் சிவப்புத் தடிப்பு மட்டும் மிஞ்சியது. நம் நாட்டில் விற்கும் வாசனைத் திரவியம் தேசிய மருந்தியல் ஒழுங்குமுறை முகமையிடம் அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். பெயரை அதன் இணையத்தளத்தில் தேடிப் பார்க்கலாம். அன்று நான் தேடவில்லை.

கடைக்காரர் நீட்டும் தாளை மோந்து பார்த்துக் காசை எடுக்காதீர்கள். முதலில் வரும் எலுமிச்சை, பெர்கமோட் மணங்கள் அரை மணி நேரத்தில் ஆவியாகிவிடும். அந்த முதல் மணத்தை எந்த மலிவுச் சரக்கும் தந்துவிடும். கையில் தடவிக்கொண்டு சந்தையைச் சுற்றுங்கள், ஒரு அப்பம் பாலிக் சாப்பிடுங்கள், பிறகு மோந்து பாருங்கள். அடியில் தங்கும் மர வாசனை பிடித்திருந்தால் வாங்கலாம்.

இப்போது வைத்திருப்பது அர்மாஃப்தான், ஓராண்டாக. மோந்து பார்த்த அம்மா, "நல்லாத்தான் இருக்குய்யா, வெல சொல்லாத," என்றார்.